பேர்மிட்டும் வரியும் கடத்தலும்: பேராசிரியர் ரி.என். ஸ்ரீனிவாசன் போட்டுக் காட்டிய கணக்கு

ஒரு பொருளின் இறக்குமதிக்கு அரசாங்கம் வரி விதித்தாலும் கடையில் விலை ஏறுகிறது. அதே பொருளை பேர்மிட் உள்ளவர்தான் இறக்கலாம் என்றாலும் விலை ஏறுகிறது. இரண்டும் ஒன்றுதானே என்றே எமது வர்த்தகச் சகோதரர்கள் பலர் நினைக்கின்றனர். பாவனையாளரின் பக்கமிருந்து பார்த்தால் அது சரிதான். ஆனால் நாட்டின் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒன்றில் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. மற்றதில் பணம் எரிந்து சாம்பலாகிறது.

இந்த வித்தியாசத்தைக் கணித முறையில் உலகத்துக்கு எடுத்துக்காட்டிய சில பொருளியல் அறிஞர்களில் ஒருவர் தமிழர். திருக்கோடிக்காவல் நீலகண்ட ஸ்ரீனிவாசன் என்பது அவரது முழுப்பெயர். ரி.என். ஸ்ரீனிவாசன் என்றே உலகப் பல்கலைக்கழகங்கள் அவரை அறியும். 1933 மார்ச்சில் பிறந்து 2018 நவம்பரில் காலமான இவர், ஏறத்தாழ ஆறு தசாப்தங்கள் இரண்டு துறைகளில் உழைத்தார். ஒன்று எண்களைக் கொண்டு பொருளாதாரத்தை அளந்து பார்க்கும் பொருளாதார அளவையியல். மற்றது சர்வதேச வர்த்தகம்.

யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கும் வவுனியா பஸார் வீதியில் கடை வைத்திருப்பவருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறையவே உண்டு. பொருளாதாரத் தடை, பாஸ், பேர்மிட், இரட்டை வரி, கடத்தல், திறந்த சந்தை ஆகிய அத்தனையையும் ஒரே தலைமுறையில் அனுபவித்த வியாபாரிகள் வன்னியைப்போல வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள். நாம் உடம்பில் பட்டறிந்ததை அவர் தாளில் கணக்காகப் போட்டார். அந்தக் கணக்கு எமக்கு இன்றும் உதவும்.

கணிதத்தில் தொடங்கிய பாதை

ஸ்ரீனிவாசன் முதலில் பொருளியல் படித்தவர் அல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளமாணி, முதுமாணிப் பட்டங்கள் பெற்றார். பின்னர் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்தில் பயிற்சி பெற்றார். அந்த நிறுவகத்தை 1931இல் ஆரம்பித்தவர் பேராசிரியர் மஹலனோபிஸ். ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மக்களையும் ஒவ்வொருவராகக் கேட்காமல், சரியாகத் தெரிவுசெய்த ஒரு சிறு பகுதியினரைக் கேட்டே முழு நாட்டின் நிலையை மதிப்பிடலாம் என்பதை இந்தியாவில் நடைமுறைப்படுத்தியவர் அவர். 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு ஆரம்பமாவதற்கும் அவரே காரணர்.

இது எமக்குப் புதிய விடயமல்ல. அரிசி மொத்தமாக வாங்குபவர் மூட்டைகள் அனைத்தையும் கொட்டிப் பார்ப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக மூட்டையில் குத்தி, ஒரு பிடி எடுத்து, கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார். ஆனால் விற்பவர் காட்டும் மூட்டையில் மட்டும் குத்தினால் ஏமாந்து போவார். எந்த மூட்டையில் குத்துவது என்பதை வாங்குபவர் தெரிவுசெய்ய வேண்டும். புள்ளிவிபரவியலின் அடிப்படையும் இதுதான்.

அங்கிருந்து அமெரிக்கா சென்ற ஸ்ரீனிவாசன், 1962இல் யேல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு அவரை வழிநடத்திய பேராசிரியர் ச்யாலிங் கூப்மன்ஸ். 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் கூப்மன்ஸும் ஒருவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வாஷிங்டனில் நேச நாடுகளின் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த சபையில் அவர் வேலை செய்தார். கப்பல்கள் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி ஓடும் தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதே அவர் அங்கு ஆராய்ந்த பிரச்சினை. ஒவ்வொரு கப்பலையும் தனித்தனியே பார்க்காமல், எல்லாத் துறைமுகங்களையும் எல்லாக் கப்பல்களையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால், அதே கப்பல்களைக் கொண்டு அதிகச் சரக்கை அனுப்பலாம் என்று அவர் காட்டினார்.

எமது லொறிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கொழும்புக்கும் வவுனியாவுக்கும் இடையில் 250 கிலோமீற்றருக்குச் சற்று மேல். புறக்கோட்டையில் சாமான் ஏற்றி வரும் ஒருவரின் லொறி திரும்பும்போது வெறுமையாகப் போகிறது. அதே நாளில் முல்லைத்தீவுப் பக்கம் நெல் ஏற்றுவதற்காக இன்னொருவரின் லொறி தெற்கிலிருந்து வெறுமையாக வருகிறது. இரண்டு முதலாளிமாரும் தத்தம் கணக்கில் சரியாகத்தான் நடக்கின்றனர். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் டீசல் வீணாகிறது. அந்தச் செலவு கடைசியில் அரிசியின் விலையிலும் சீனியின் விலையிலும் வந்து நிற்கிறது. ஒரு நகரத்தின் வர்த்தகச் சங்கம் லொறிகளின் வருகை, புறப்பாட்டை ஒரு கொப்பியில் பதிந்து வைத்தாலே இதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

பட்டம் பெற்ற பின்னர் ஸ்ரீனிவாசன் அமெரிக்காவிலேயே தங்கிவிடவில்லை. இந்தியா திரும்பி, 1977 வரை டில்லியில் இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்தில் பேராசிரியராக இருந்தார். 1977 முதல் 1980 வரை உலக வங்கியின் ஆய்வுப் பிரிவுக்கு விசேட ஆலோசகராக இருந்து, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்தார். 2007இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அளவையியல் என்பது என்ன?

பொருளாதார அளவையியல் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பொருளியல், கணிதம், புள்ளிவிபரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, எது எதற்குக் காரணம், எவ்வளவு காரணம் என்று அளந்து பார்க்கும் கலை அது. இதற்கென்றே 1930இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைக்கப்பட்டது. 1969இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பொருளியல் நோபல் பரிசும் இத்துறையின் முன்னோடிகளான ரக்னார் ஃபிரிஷ், யான் ரின்பேர்கன் ஆகிய இருவருக்கே கிடைத்தது.

இதன் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பேரீச்சம்பழத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஒரு வியாபாரி தன் கணக்குக் கொப்பியைப் புரட்டுகிறார். ரமழான் மாதத்தில் பேரீச்சம்பழத்தின் விலை கூட. அம்மாதத்தில் விற்பனையும் கூட. மற்ற மாதங்களில் விலை குறைவு, விற்பனையும் குறைவு. இந்த எண்களை மட்டும் பார்க்கும் ஒருவர், விலையைக் கூட்டினால் விற்பனை கூடும் என்று முடிவு கட்டிவிடலாம். எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் முடிவு பிழை. நோன்பு வந்ததால் தேவை கூடியது. தேவை கூடியதால் விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறின. விலையின் பலனை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமானால், தேவை மாறாமல் விலை மட்டும் மாறிய சந்தர்ப்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். உதாரணமாக, ஒரு ரமழானில் கப்பல் தாமதித்துப் பழம் குறைவாக வந்திருக்கும். மறு ரமழானில் தாராளமாக வந்திருக்கும். அந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

கூப்மன்ஸ் 1940களில் இந்தப் பிரச்சினையைப் பற்றியே எழுதினார். அவரது மாணவரான ஸ்ரீனிவாசன் வாழ்நாள் முழுவதும் இதே எச்சரிக்கையை மற்றவர்களுக்கு நினைவூட்டி வந்தார். இந்தியாவின் பண்ணை ஆய்வுகளில் சிறிய காணிகளில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாகவும், பெரிய காணிகளில் குறைவாகவும் காணப்பட்டது. உடனே பலர், சிறு விவசாயி கெட்டிக்காரன் என்றனர். வேறு சிலர், சிறு காணியில் மண் நல்லது என்றனர். 1972இல் ஸ்ரீனிவாசன் வேறொரு காரணத்தை முன்வைத்தார். மழை வருமா வராதா என்று தெரியாத நிலையில், சிறு காணிக்காரனும் பெரிய காணிக்காரனும் ஆபத்தை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. அந்த வித்தியாசம் ஒன்றே அவர்கள் காணியில் போடும் உழைப்பையும் விளைச்சலையும் மாற்றப் போதுமானது என்பதைக் கணித முறையில் காட்டினார்.

பேர்மிட்டில் எரியும் பணம்

அவரது மிக முக்கியமான பணி சர்வதேச வர்த்தகத்தில்தான். இதில் அவரது நீண்டகாலக் கூட்டாளி ஜகதீஷ் பகவதி. 1970களில் அமெரிக்காவின் தேசிய பொருளாதார ஆய்வுப் பணியகம் துருக்கி, கானா, எகிப்து, தென்கொரியா, சிலி போன்ற நாடுகளின் வர்த்தகக் கட்டுப்பாடுகளை ஆராய்ந்து வரிசையாக நூல்களை வெளியிட்டது. அதில் இந்தியாவைப் பற்றிய நூலை 1975இல் பகவதியும் ஸ்ரீனிவாசனும் எழுதினர். இந்தியாவின் லைசன்ஸ் முறை எப்படி வேலை செய்தது, யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதெல்லாம் அதில் விரிவாக ஆராயப்பட்டன.

இதை ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். ஒரு பொருள் துறைமுகத்தில் கிலோ 200 ரூபாவுக்கு வந்திறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 தொன் மட்டுமே வர வேண்டும் என்று அரசாங்கம் நினைக்கிறது. அந்த அளவு மட்டும் வந்தால் சந்தையில் கிலோ 300 ரூபாவுக்குப் போகும்.

முதல் வழி, கிலோவுக்கு 100 ரூபா வரி. 1000 தொன்னுக்கு 10 கோடி ரூபா திறைசேரிக்குப் போகிறது. அது வீதியாகவோ ஆஸ்பத்திரியாகவோ திரும்பி வரலாம்.

இரண்டாவது வழி, 1000 தொன்னுக்கு மட்டும் பேர்மிட். அதே 300 ரூபா விலை. ஆனால் அந்த 10 கோடி பேர்மிட் கிடைத்தவர்களின் கைக்குப் போகிறது. கதை இத்துடன் முடிவதில்லை. 10 கோடி சும்மா கிடைக்கும் என்று தெரிந்தால் அதற்காக எத்தனை பேர் ஓடுவார்கள்? 20 பேர் போட்டியிட்டு ஆளுக்கு 50 இலட்சம் செலவழித்தால் அந்த 10 கோடியும் முடிந்துவிடும். கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது, காரியாலயம் காரியாலயமாக அலைவது, தரகர் வைப்பது, பெயருக்கு ஒரு கம்பனி பதிவது எல்லாம் இந்தச் செலவுதான். இத்தனை ஓட்டத்திலும் ஒரு கிலோ பொருள்கூட அதிகமாக நாட்டுக்குள் வரவில்லை. ஒரு ஏக்கர்கூட அதிகமாக விளையவில்லை. கெட்டிக்கார மனிதர்களின் நேரமும் டீசலும் மட்டும் போய்விட்டன.

அக்கால இந்தியாவில் தொழிற்சாலையின் கொள்திறனைப் பார்த்து மூலப்பொருள் லைசன்ஸ் கொடுக்கும் முறையும் இருந்தது. அதனால் இருக்கும் இயந்திரத்துக்கே வேலையில்லாத முதலாளிமார், கூடுதல் லைசன்ஸ் பெறுவதற்காகவே இன்னும் இயந்திரங்களைப் பூட்டினர். பொருளியலாளர் ஆன் குரூகர் 1974இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1964இல் இந்தியாவில் இவ்வாறு கட்டுப்பாடுகளால் உருவான வாடகை வருமானம் தேசிய வருமானத்தின் 7.3 வீதம். இந்த வருமானத்தைப் பிடிக்கவே நாட்டின் திறமைகள் பாய்ந்தன.

1980இல் பகவதியும் ஸ்ரீனிவாசனும் இக்கருத்தை மேலும் விரித்தனர். பேர்மிட் மட்டுமல்ல, வரியும் முற்றிலும் சுத்தமானதல்ல என்றனர். வரியால் சேரும் பணத்தில் பங்கு கேட்டும் மக்கள் ஓடுவார்கள், அந்த ஓட்டத்திலும் வளங்கள் வீணாகும் என்பதே அவர்களது வாதம். உற்பத்தி எதுவுமின்றி இலாபத்தை மட்டும் தேடும் இத்தகைய முயற்சிகளுக்குப் பகவதி 1982இல் ஒரு பொதுப்பெயரும் சூட்டினார்.

எமது நாட்டில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் சீனி, வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவற்றுக்கான வரி ஒரே வர்த்தமானியில் மாறிவிடும். 2020 ஒக்ரோபரில் சீனி கிலோவுக்கு இருந்த 50 ரூபா வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனி விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. அரசுக்கு 1500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் இல்லாமல் போனதாகப் பின்னர் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதிக் குழுவில் வெளிவந்தது. வரி வீதம் இன்று ஒன்று நாளை ஒன்று என்றிருக்கும் நாட்டில், சரக்கை நன்றாக வாங்கி நன்றாக விற்பவன் வெல்வதில்லை. வர்த்தமானி எப்போது வரும் என்று மோப்பம் பிடிப்பவனே வெல்கிறான். வவுனியாவிலுள்ள நடுத்தர மொத்த வியாபாரி இந்தப் போட்டியில் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்.

கடத்தல் யாருக்கு இலாபம்?

"வரி அநியாயம், ஆகவே கடத்தல்காரன் ஏழைக்கு உதவுகிறான்" என்ற பேச்சு கடைத்தெருக்களில் சாதாரணம். கடத்தலையும் ஒழுங்கான பொருளியல் கணக்குக்குள் கொண்டுவந்தவர் பகவதி. 1973இல் ஹன்சன் என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார். பின்னர் ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து, கடத்தல் நடக்கும் ஒரு நாட்டில் வர்த்தகக் கொள்கை எப்படி அமைய வேண்டும் என்றும் ஆராய்ந்தார்.

அவர்களது வாதம் எளிமையானது. சட்டபூர்வமாக வரும் பொருளும் கடத்தி வரும் பொருளும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு விற்கப்பட்டால், பாவனையாளருக்குக் கடத்தலால் ஒரு சதமும் மிச்சமில்லை. திறைசேரி வரியை இழக்கிறது. அந்த வரியின் ஒரு பகுதி கடத்துபவரின் இலாபமாகிறது. மற்றப் பகுதி இரவுப் படகு, ஒளிக்கும் இடம், பிடிபடும் சரக்கு என்று வீணாகிறது. ஆகவே நாடு முழுவதுமாகப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் ஒரு பொருள் முற்றாகத் தடைசெய்யப்பட்டு, சட்டபூர்வ வழி எதுவுமே இல்லாதபோது கணக்கு மாறும். அப்போது கடத்தல் விலையைக் கொஞ்சமாவது இறக்கும். அதற்காக நாடு கொடுக்கும் செலவு மட்டும் மிக அதிகமாக இருக்கும்.

2019 டிசம்பரில் எமது நாட்டில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இதைக் கண்ணால் கண்டோம். கிலோ சில நூறு ரூபாவாக இருந்த மஞ்சள் ஆயிரங்களைத் தாண்டியது. மன்னார், கற்பிட்டிக் கடலில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்திகள் தொடர்ச்சியாக வந்தன. பிடிபட்ட மஞ்சள் அழிக்கப்பட்டது. சில நூறு ரூபாவில் கப்பலில் வரக்கூடிய பொருளை, உயிரைப் பணயம் வைத்துப் படகில் கொண்டுவர ஒரு சட்டம் ஆட்களைத் தூண்டியது. கலப்பட மஞ்சளும் சந்தைக்கு வந்தது. நேர்மையாகச் சரக்கு விற்ற கடைக்காரர் தம் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றார்.

வன்னியின் அனுபவம்

இனி எமது பிரதேசத்துக்கு வருவோம். 1990 முதல் 2002 வரை வன்னிக்குள் சீமெந்து, உரம், பற்றரி, எரிபொருள் முதலியவை தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. பொருளியல் மொழியில் சொன்னால் இது ஒரே நாட்டுக்குள் போடப்பட்ட கோட்டா. வவுனியாவில் ஒரு விலை, சோதனைச் சாவடிக்கு அப்பால் சில கிலோமீற்றர் தூரத்தில் அதே பொருளுக்கு வேறு விலை. அந்த விலை இடைவெளிதான் மேலே சொன்ன 10 கோடி ரூபா. அதைப் பிடிக்க பாஸ், பேர்மிட், சிபாரிசு, தரகர் என்று ஒரு தனி வியாபாரமே உருவானது. அந்தச் செலவு முழுவதையும் கடைசியில் கட்டியவர்கள் உள்ளே இருந்த விவசாயியும் கூலித் தொழிலாளியும்தான்.

2002 ஜனவரியில் தடை பெருமளவு நீக்கப்பட்டு, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது விலைகள் இறங்கின. ஆனாலும் ஓமந்தையில் இராணுவச் சோதனை, அதற்கு அப்பால் விடுதலைப் புலிகளின் வரி என்று இரண்டு வாசல்கள் இருந்தன. இங்கும் ஸ்ரீனிவாசனின் பிரிவினை உதவுகிறது. வரியாகக் கொடுத்த பணம், அதை வாங்கியவர் யாராக இருந்தாலும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. லொறியில் ஏற்றிய சாமான் முழுவதையும் இறக்கிக் காட்டி, மீண்டும் ஏற்றி, அதற்குள் மரக்கறி வாடி, மீன் பழுதாகி, ஒரு நாள் கழிந்ததே, அது யாருடைய கைக்கும் போகவில்லை. எத்தனையோ வியாபாரிகள் வரியைப் பற்றியே முறையிட்டனர். கூட்டிப் பார்த்தால், எவருக்கும் சேராமல் போன நேரமும் சரக்கும் அதைவிடக் குறைவானதாக இருந்திருக்காது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான பாதை மீண்டும் மூடப்பட்டதும், வீட்டுச் சாமான்களின் விலை எப்படிப் பாய்ந்தது என்பதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விவசாயியின் கேள்வி

திறந்த வர்த்தகம்தான் நல்லது என்றால் எமது விவசாயியின் கதி என்ன என்ற கேள்வி நியாயமானது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாண விவசாயியும், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த இளைஞர்களும் நல்ல வருமானம் கண்டனர். அந்த வருமானம் எமது கடைகளுக்கும் வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்த விலை இல்லாமல் போனது. பின்னர் யுத்தம் வந்து மற்றதையும் கொண்டுபோனது.

இதற்கு ஸ்ரீனிவாசனின் வழி ஒரு வைத்தியரின் வழி. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து போட வேண்டும். 1963இல் பகவதியும், இந்திய நிதியமைச்சின் ஆலோசகராக இருந்த வி.கே. ராமசாமியும் எழுதிய கட்டுரை இந்தக் கருத்துக்கு அடித்தளமிட்டது. 1969இல் ஸ்ரீனிவாசனும் அவர்களுடன் சேர்ந்து அதை விரித்தார். ஒரு குறை உள்நாட்டில் இருந்தால், அதை எல்லையில் வரி போட்டுச் சரிசெய்வது இரண்டாந்தர வைத்தியம்தான். குறை இருக்கும் இடத்திலேயே நேரடியாகக் கைவைப்பதே சிறந்தது என்பது அதன் சாரம்.

கிளிநொச்சி விவசாயியின் குறை என்ன? அறுவடை நேரத்தில் களஞ்சியம் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்பதால் அன்றைக்கே விற்க வேண்டியிருக்கிறது. வங்கிக் கடன் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. இந்த நோய்க்கு இறக்குமதித் தடை மருந்தானால், பலனின் பெரும்பகுதி அறுவடையில் மலிவாக வாங்கிக் களஞ்சியத்தில் அடைத்து வைக்கக்கூடிய பெரிய கைகளுக்கே போகும். களஞ்சியத்தையும் கடனையும் கொடுத்தால் பலன் விவசாயிக்குப் போகும், பாவனையாளரும் கூடிய விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தடை போடுவதற்கு அரசாங்கத்துக்கு ஒரு தாள் போதும். களஞ்சியம் கட்டப் பணம் வேண்டும். அதனால்தான் எல்லா நாடுகளிலும் இரண்டாந்தர வைத்தியமே முதலில் வருகிறது.

இந்த விடயத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. கையில் பழைய ஸ்டொக் இருக்கும்போது இறக்குமதித் தடையை வரவேற்பதும், ஸ்டொக் முடிந்ததும் திறந்துவிடும்படி கேட்பதும் வியாபாரிகளின் வழக்கம். வர்த்தகச் சங்கம் ஒன்று அமைச்சரிடம் மகஜர் கொடுக்கும்போது, இது நோய் இருக்கும் இடத்தில் மருந்து போடுகிறதா அல்லது எமக்கு மட்டும் ஒரு பருவத்து இலாபம் தருகிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

ஸ்ரீனிவாசன் எண்களோடு வாழ்ந்தவர். ஆனால் எண்களைக் கண்மூடி நம்பியவர் அல்லர். வறிய நாடுகளின் புள்ளிவிபரங்கள் எவ்வளவு பலவீனமானவை என்பதை 1994இல் ஒரு ஆய்வுச் சஞ்சிகையின் விசேட இதழில் எடுத்துக்காட்டினார். பல நாடுகளின் தேசிய வருமானக் கணக்குகள் பழைய ஆய்வுகளை நீட்டி மதிப்பிடப்பட்டவை, அவற்றை வைத்துச் செய்யும் நுணுக்கமான கணிதம் மணலில் கட்டிய வீடு என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். பிற்காலத்தில், திறந்த வர்த்தகம் வளர்ச்சி தருகிறதா என்று நூறு நாடுகளின் எண்களை ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் ஆய்வுகளை ரொட்ரிக், ரொட்ரிகஸ் ஆகியோர் கேள்விக்குட்படுத்தினர். ஸ்ரீனிவாசனும் பகவதியும் திறந்த வர்த்தகத்தின் பக்கம் நின்றவர்கள். ஆயினும் தமது கட்சிக்குச் சாதகமாக இருந்த அந்த ஆய்வுகளையே தாமும் நம்பவில்லை என்றனர். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே ஆழமாக ஆராய்வதே சரியான ஆதாரம் என்பது அவர்களது நிலைப்பாடு. தனக்குச் சாதகமான சாட்சியையும் தராசில் வைத்துப் பார்ப்பது எந்தத் தொழிலிலும் பெரிய நேர்மை.

வன்னியைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 1981க்குப் பின் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் 2001இல் எடுத்த கணக்கெடுப்பைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடத்த முடியவில்லை. 1990 ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடைகளோடு கணக்குக் கொப்பிகளும் போயின. அப்பிரதேச வியாபாரத்தின் பெறுமதி எவ்வளவு என்பதற்கு இன்று எழுத்தில் சாட்சி மிகக் குறைவு.

வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி 2012/13இல் நாட்டின் வறுமை வீதம் 6.7. முல்லைத்தீவில் அது 28.8, கிளிநொச்சியில் 12.7, வவுனியாவில் 3.4. 2016இல் நாட்டின் வீதம் 4.1. முல்லைத்தீவு 12.7 ஆக இறங்கியது. கிளிநொச்சியோ 18.2 ஆக ஏறி, நாட்டிலேயே வறுமை வீதம் கூடிய மாவட்டமானது. அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்கள் மூன்று நான்கு வருடங்களில் இப்படி எதிரெதிராக ஓடினவா? உண்மையாக இருக்கலாம். மாவட்டத்துக்குச் சில நூறு வீடுகளே மாதிரியாக எடுக்கப்படுவதால், எந்த வீடுகள் அகப்பட்டன என்பதைப் பொறுத்தும் எண் கொஞ்சம் ஆடும். மூன்று மூட்டையில் குத்திப் பார்த்து முந்நூறு மூட்டைக்கு விலை பேசுவது போன்ற நிலை இது. ஆகவே ஒரு வருடத்து எண்ணைப் பார்த்து ஒரு ஊரில் கிளை திறப்பதையோ மூடுவதையோ தீர்மானிக்கக் கூடாது.

எமக்கு என்ன பயன்?

இந்தியாவில் 1991க்கு முன்னரே தாராளமயத்தை ஆதரித்துப் பேசிய மிகச் சில பொருளியலாளர்களில் ஸ்ரீனிவாசனும் ஒருவர். அப்போது அது செல்வாக்கற்ற கருத்து. 1991இல் இந்தியா லைசன்ஸ் முறையைத் தளர்த்தத் தொடங்கியது. 1993இல் இந்திய நிதியமைச்சு இவரிடமும் பகவதியிடமும் சீர்திருத்தங்கள் பற்றி அறிக்கை கேட்டுப் பெற்றது. 1975இல் வந்த நூலின் முடிவுகள் நடைமுறைக்கு வரப் பதினாறு வருடங்கள் சென்றன. எமது நாட்டின் வர்த்தகக் கொள்கையையும் இவ்வாறு நுணுகி ஆராய்ந்தவர்கள் உளர். அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிரேமச்சந்திர அத்துக்கோரள அவர்களில் முக்கியமானவர்.

நாம் கலாநிதிகள் அல்லர். ஆனாலும் இந்த ஆராய்ச்சியிலிருந்து கடைக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடியவை மூன்று உண்டு.

முதலாவது, கொப்பி. வாங்கிய விலை, விற்ற விலை, அளவு, திகதி ஆகியவற்றோடு அன்றைய விசேடத்தையும் ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். பெருநாள், மழை, வீதி மூடல், வர்த்தமானி, கப்பல் தாமதம் என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று வருடங்களில் அந்தக் கொப்பி உங்கள் சந்தையைப் பற்றி எந்த நிபுணரையும்விட அதிகம் சொல்லும்.

இரண்டாவது, செலவைப் பிரித்துப் பார்த்தல். மாதச் செலவில் ஒரு கோடு கீறி, சரக்கை வாங்கவும் கொண்டுவரவும் விற்கவும் போன பணத்தை ஒரு பக்கமும், அனுமதிக்காகவும் அலைச்சலுக்காகவும் போன பணத்தையும் நாட்களையும் மறு பக்கமும் எழுதுங்கள். இரண்டாவது பக்கம் வருடா வருடம் கூடினால் உங்கள் தொழில் தவறான திசையில் போகிறது.

மூன்றாவது, சங்கமாகக் கேட்பது. தனித்தனியே பேர்மிட்டுக்கு ஓடுவதைவிட, வரி வீதத்தை வருடத்துக்கு ஒரு முறை அறிவித்து அப்படியே வைத்திருக்கும்படி எல்லோரும் சேர்ந்து கேட்பது எமக்கு இலாபம். வீதம் கூடவாக இருந்தாலும், நிலையான வரியோடு சிறு வியாபாரி போட்டியிடலாம். யாருக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாத சலுகையோடு அவரால் போட்டியிட முடியாது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, ஐந்து வருடத் தடைக்குப் பதிலாக உயர்ந்த வரி வந்தது. வரி கனமானதுதான். ஆனால் எவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தாளில் தெரிகிறது, அந்தப் பணமும் திறைசேரிக்குப் போகிறது. மற்றப் பொருட்களுக்கும் இதே அளவுகோலைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் எமது வர்த்தகச் சங்கங்களுக்கு வர வேண்டும்.